என் தங்கைக்கும் வரி போடுங்கள்!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர், என் தங்கையிடம் வரி வாங்கிக்கொண்டது. அப்பாடா!

வரி கட்டிவிட்டு ‘அப்பாடா’ போடுகிற ஒரே குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். மற்றவர்கள் எல்லாம் கட்டாமல் தப்பித்த பிறகுதானே போடுவார்கள்? வீட்டுக்கு வந்ததும் அம்மா கேசரி கிண்டி, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துவிட்டாள். ‘என்ன விசேஷம்?’ என்று கேட்டவர்களிடம், ‘என் மகளுக்கு வரி போட்டுட்டாக’ என்றாள். வாங்கிய கேசரியைச் சாப்பிடலாமா, ஆறுதல் சொல்லலாமா என்று தெரியாமல் அவர்கள் விழித்ததைப் பார்க்க வேண்டுமே...

இது வீட்டு வரியோ தண்ணீர் வரியோ இல்லை. இன்டர்நெட்டில் அரட்டை அடிப்பதற்கான வரி. சிரிக்காதீர்கள் — மாதக் கணக்காக எங்கள் நிம்மதியைக் கெடுத்த விஷயம் இது.

குன்றக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் சர்ச், நடுவில் மந்தை. ஊர் கூடிப் பேசுவதெல்லாம் அந்த மந்தையில்தான். படித்துவிட்டு வெளியே போன பிள்ளைகளில் ஆரோக்கியம் என்று ஒருவன், கலிபோர்னியாவில் சாஃப்ட்வேர் இன்ஜினீயர். அவன் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே இன்டர்நெட்டில் ஓர் அரட்டைக் கூடம் திறந்தான். பெயரும் ‘மந்தை’ என்றே வைத்தான்.

ஞாயிறு சாயங்காலம் — நமக்குச் சாயங்காலம், பாவம் அவனுக்கு விடியற்காலை — சிங்கப்பூர், மஸ்கட், சென்னை, காரைக்குடி என்று எங்கெங்கோ இருக்கிற ஊர் ஜனம் அதில் கூடும். கூடி என்ன பேசும்? ‘மழை பெஞ்சுச்சா?’ ‘யார் வீட்ல கல்யாணம்?’ ‘சாப்பிட்டாச்சா?’ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காக்காரன் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த டெக்னாலஜி எல்லாம், எங்கள் ஊரில் ‘இன்னைக்கு என்ன குழம்பு?’ என்று கேட்கத்தான் பயன்பட்டது.

நான் குடியிருப்பது காரைக்குடியில். தேவகோட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போகிறோமோ இல்லையோ, சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போவது தவறாது. அம்மா ரிட்டயர்டு டீச்சர். கொண்டை, கண்ணாடி, கைப்பை சகிதம் உள்ளே நுழைந்தால், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் காலேஜ் கூட்டம் அவசர அவசரமாக எதையோ மூடும். என்னத்தை மூடினார்கள் என்று நான் கேட்டதில்லை.

அம்மாவை ஏன் இழுத்துக்கொண்டு போகிறேன்? அவளுக்குக் காது கேட்காது, காதருகே போய்க் கத்தினால்தான் ஏதோ கொஞ்சம் கேட்கும். என் தங்கை பிலோமினா மஸ்கட்டில் நர்ஸ். அவள் போன் போட்டால் அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, ‘நல்லாருக்கியா? நான் நல்லாருக்கேன். சரி, காசு ஆகும், வச்சிரு’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு என்னிடம் கொடுத்துவிடுவாள். அந்தப் பக்கம் பிலோ பேசினாளா, அழுதாளா... எதுவும் தெரியாது. அப்படித்தான் பல வருடம் ஓடியது.

‘மந்தை’ வந்த பிறகுதான் அம்மாவும் மகளும் பேசவே ஆரம்பித்தார்கள். கண் நன்றாகத் தெரிகிறதே! பிலோ அடிப்பதை அம்மா திரையில் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். முதல் நாள், ‘அம்மா, நீங்க சிரிக்கிறீகளா?’ என்று பிலோ கேட்டாள். ‘ஆமா’ என்று அடித்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பொய்க்குப் பாவமன்னிப்பு கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

‘இதற்கு ஊர் மந்தை எதற்கு? ஓசியில் எத்தனையோ அரட்டைக் கூடம் இருக்கிறதே’ என்று கேட்பீர்கள். போனோமே! நுழைந்த மாத்திரத்தில் யாரோ ஒருவன், ‘வயசு என்ன? ஆணா, பெண்ணா? எந்த ஊர்?’ என்று கேட்டான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மரியாதையாக விசாரிக்கிறானே! வயது எழுபது, பெண், காரைக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியை, மூட்டு வலி உண்டு என்று சகலத்தையும் அடிக்கச் சொன்னாள். அவன் போன இடம் தெரியவில்லை.

தவிர, பிலோவுக்கே அது பிடிக்கவில்லை. ‘அம்மாகூட மட்டும் பேசணும்னா லெட்டர் போதும்ண்ணே. எனக்கு ஊரோட பேசணும்’ என்றாள். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஆஸ்பத்திரி... அதுதான் அவள் வாழ்க்கை. கல்யாணம் வேண்டாம் என்றாள். நாங்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம். நாற்பதைத் தாண்டியவளை ‘ஏய் பிலோ, மெலிஞ்சுட்டியாமே’ என்று உரிமையோடு கேட்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஊரே கேட்டது. வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் டியூட்டி பார்த்தாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் வரி வந்தது.

கூட்டம் பெருகியதும், இன்டர்நெட்டில் இடம் கொடுத்த கம்பெனி ஆரோக்கியத்திடம் காசு கேட்க ஆரம்பித்தது. கொஞ்ச நாள் கைக்காசைப் போட்டுப் பார்த்தான். பிறகு, ‘இனிமே ஆளுக்குக் கொஞ்சம் போட்டாத்தான் நடத்த முடியும். எல்லாரும் கிரெடிட் கார்டுல கட்டிருங்க’ என்று ஒரு நாள் அறிவித்தான். கிரெடிட் கார்டா? எங்களில் பாதிப் பேர் அதை விளம்பரத்தில் பார்த்ததோடு சரி.

அப்போதுதான் கணேசன் சித்தப்பா களத்தில் இறங்கினார். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகன் முருகேசன் சிங்கப்பூரில் இருப்பதால் அவரும் ஞாயிறு தவறாமல் எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டரில் வந்து உட்காருவார். ஊர்த் திருவிழாவுக்குக் காலங்காலமாக வரி பிரிப்பவர் அவர்தான். சல்லிக்காசு பிசகாது.

‘இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு யோசனை? தலைக்கட்டு வரி போட்ருவோம்’ என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் ஆன ஆண் ஒருத்தன் ஒரு தலைக்கட்டு. அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், அண்டி இருக்கிற தாயார், எல்லாரும் அதில் அடக்கம். திருவிழா என்றால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி. கோயிலுக்கும் அதே கணக்குதான், எங்கள் சர்ச்சுக்கும் அதே கணக்குதான். எத்தனையோ விஷயத்தில் முட்டிக்கொள்வோம். இந்தக் கணக்கில் மட்டும் ஊரே ஒற்றுமை!

அந்த யோசனை பாஸான அன்று எங்களால் சென்டருக்குப் போக முடியவில்லை. மறு வாரம் போய்ப் பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. தலைக்கட்டுக்கு ஒரு வரி. ஆரோக்கியத்தின் அப்பா ஊரில் இருக்கிறார். ரூபாயாக அவரிடம் கொடுத்தால் போதும். கட்டினால் தலைக்கட்டின் பெயரில் ஒரு பாஸ்வேர்டு. அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். அதுவும் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் நுழைய முடியும்.

உலகத்தில் எத்தனையோ அரட்டைக் கூடங்கள் காசு வாங்குகின்றன. தலைக்கட்டுக் கணக்கில் வாங்கியது எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்!

நானும் குடும்பஸ்தன், என் பங்கைக் கட்டினேன். ஒரு வாரத்துக்கு எல்லாம் சுபம். ஒரே ஒரு விசித்திரம்... பாஸ்வேர்டு எல்லாம் ஆம்பளைகள் பெயரில் இருந்ததால், பெண்களும் புருஷன் பெயரிலேயே வந்தார்கள். ‘சிங்கப்பூர் முருகேசன்’ திடீரென்று, வெண்டைக்காய் கொழகொழப்பு போக என்ன செய்வது என்று கேட்டார். ‘சென்னை பழனிச்சாமி’, மோர் ஊற்றச் சொன்னார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிலோ வரவில்லை. ராத்திரி போன் வந்தது. ‘அண்ணே, கதவே திறக்க மாட்டேங்குது. எனக்கு வரி எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க, அனுப்பிடுறேன்.’

மறுநாளே அம்மா காசைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள். கணேசன் சித்தப்பா வீட்டில் காபி கொடுத்தார்கள். காசை நீட்டியதும் சித்தப்பா பதறிப்போய் எழுந்துவிட்டார்.

‘என்ன டீச்சர் இது? வீட்டுப் பிள்ளைட்ட வரி வாங்குறதா? பொம்பளப்பிள்ளைக்கு வரி போட்டேன்னு தெரிஞ்சா ஊரு என்னையக் காறித் துப்பாதா? உள்ள வைங்க.’

அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவர் கும்பிட்டது மட்டும் தெரிந்தது. நான் காதருகே கத்திச் சொன்னதும், ‘ஏன் கணேசா, என் மக காசு என்ன செல்லாக் காசா?’ என்று கேட்டாள்.

‘ஐயையோ... மரியாதைக்குச் சொல்றேன் டீச்சர். அப்பா இல்லாத பிள்ளை, அண்ணன் தலைக்கட்டுல அடக்கம். வாத்தியாரே, ஒங்க பாஸ்வேர்டைத் தங்கச்சிக்குச் சொல்லிருங்க. முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி வெயில்ல வந்திருக்கீக!’

இதற்கு மேல் என்ன பேசுவது? அவர் அவமானப்படுத்தியிருந்தால் சண்டை போடலாம். மரியாதை கொடுத்தல்லவா அனுப்பிவிட்டார்!

பாஸ்வேர்டைச் சொன்னேன். என்ன ஆயிற்று? அவள் உள்ளே வந்தால் நாங்கள் நுழைய முடியவில்லை. நாங்கள் உள்ளே இருந்தால் அவள் வெளியே. அம்மாவும் மகளும் பேசுவதற்காகப் போன இடத்தில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நாங்கள் என்று முறை வைத்தோம். அவள் வந்த வாரம், திரையில் என் பெயர்தானே தெரியும்? ‘அருள் வாத்தியாரே, அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா? மாடி ஏறுறாகளா?’ என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். மகள் கவலைப்படுவாள் என்று அவளிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. ஊருக்கே தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றிரவு பிலோ போன் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பேசினாள்.

‘நான் இனிமே வரலைண்ணே. ஒங்க பேருல ஒளிஞ்சு நிக்கிறதுக்கு, வராமயே இருந்திருவேன்’ என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆரோக்கியத்துக்கு எழுதினேன். அவன் நல்ல பிள்ளைதான்... ‘சித்தப்பா லிஸ்ட்டை மீறி ஒரு ஆளுக்குக் குடுத்தா, கல்யாணம் ஆகாத பசங்க எல்லாம் கேப்பாங்களேண்ணே’ என்று பதில் போட்டான். கேட்கட்டுமே! ஆனால் அந்தப் பசங்களுக்கு என்ன அவசரம்? கிராமத்தில் இருக்கிற அவர்களுடைய அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவர் பாஸ்வேர்டு சும்மாதான் கிடக்கிறது. நாளைக்கு ஒரு கல்யாணம் ஆனால் அவனே தனித் தலைக்கட்டு. அவர்கள் வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கிறார்கள். என் தங்கைக்கு டிக்கெட்டே கிடையாது.

இப்படியே மாதங்கள் போயின. அம்மா ஞாயிற்றுக்கிழமையானால் தலை சீவிக்கொண்டு, ‘இன்னைக்கு அவ முறையா, நம்ம முறையா?’ என்று கேட்பாள். ‘அவ வர மாட்டேன்னுட்டாம்மா’ என்று ஒவ்வொரு தடவையும் கத்திச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லுகிற விஷயமா அது?

போன வாரம் வெள்ளிக்கிழமை பிலோவிடமிருந்து போன். ‘அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்க உள்ள வராதீக. நான் வாரேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போயி சித்தப்பா பக்கத்துல நிக்க வைங்க.’

‘என்ன செய்யப் போறே?’

‘வரி கேக்கப் போறேன்.’

ஞாயிறு சாயங்காலம். சித்தப்பா தன் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நானும் அம்மாவும். இவள் ஏதாவது வாய்த்துடுக்காகப் பேசி, உள்ளதும் போய்விட்டால்?

திரையில் ‘அருள்’ என்று என் பெயர் வந்தது. சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

‘நீங்க இங்குட்டு நிக்கிறீக... அங்குட்டு வாரது யாரு?’

பதில் திரையிலேயே வந்தது.

‘சித்தப்பா, நான் பிலோமினா. அண்ணன் பேருல வந்திருக்கேன். கோயில் கும்பாபிசேகத்துக்குப் பணம் அனுப்புனேன், வாங்குனீக. சர்ச்சுக்கு மணி வாங்க அனுப்புனேன், வாங்குனாக. நன்கொடைன்னு ரசீது வந்துச்சு.’

சித்தப்பா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

‘நன்கொடை யாரு வேணும்னாலும் குடுக்கலாம் சித்தப்பா. ரோட்டுல போற வெளியூர்க்காரன்கூட குடுக்கலாம். வரி ஊர்க்காரங்கதான் குடுக்க முடியும்.’

‘நான் ஊர்க்காரியா, இல்லையா?’

‘ஊர்க்காரின்னா எனக்கும் வரி போடுங்க.’

அவ்வளவுதான். அதற்கப்புறம் திரை அசையவில்லை. ‘லைன் கட்டாயிருச்சா?’ என்று சித்தப்பா முணுமுணுத்தார். கட்டாகவில்லை. அம்மா முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள்... காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாதே! பிரவுசிங் சென்டர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

முதலில் வந்தது சித்தப்பாவின் மகன் பெயர்தான். சிங்கப்பூர் முருகேசன்: ‘அவுக சொல்றது கரெக்ட். வரி போடுங்க மாமா.’

அடுத்து சென்னை பழனிச்சாமி: ‘ஆமா. போடுங்க.’ பிறகு சிங்கப்பூர், பஹ்ரைன், பெங்களூர் என்று வரிசையாகத் தலைக்கட்டுகள் வந்து விழுந்தன. ‘போடுங்க.’ ‘போடுங்க.’ ‘இத்தனை நாள் போடாததே தப்பு.’ இதற்கு முன்னால் இவர்கள் எந்த விஷயத்தில் இப்படி ஒரே குரலில் பேசினார்கள்?

கல்யாணமாகாத ஒரு பையன் மட்டும் அவன் அப்பா பெயரில் வந்து, ‘அப்ப நாளைக்கு நாங்களும் கேப்போமே?’ என்றான். சித்தப்பா சட்டென்று குனிந்து ஒற்றை விரலால் அடித்தார். ‘கேளுங்க. வரி வந்தாச் சரி.’

தொடர்ந்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ‘பிலோமினா. தனித் தலைக்கட்டு. வரி உண்டு.’

நாற்காலியைத் திருப்பி, அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினார். ‘குடுங்க டீச்சர்.’

அம்மாவுக்குக் கேட்டிருக்காது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சித்தப்பா வேண்டாம் என்ற நாளிலிருந்து கைப்பையை விட்டு வெளியே எடுக்காத காசு... எடுத்து அவர் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்தினாள். இத்தனை மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அப்படியே இறங்கியது.

நான் மெல்லச் சித்தப்பாவிடம் குனிந்தேன். மனசு கேட்கவில்லை, ஆட்டம் முடிந்த பிறகாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா? ‘சித்தப்பா, ஒங்க மகன் பேருல சொன்னது...’

‘எம் மருமக. எம்மகன் என்னைய மாமான்னா கூப்பிடுவான்? பழனிச்சாமி பேருல வந்ததும் அவன் பெண்டாட்டிதான். எனக்குத் தெரியாதா வாத்தியாரே?’ என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ‘தலைக்கட்டுப் பேருல சம்மதம் வந்திருச்சு. எனக்கு அது போதும். நீங்க ஒண்ணுஞ் சொல்லாதீக.’

மனிதர் தாலுகா ஆபீசில் சும்மாவா குப்பை கொட்டியிருக்கிறார்!

யோசித்துப் பார்த்தால், ஒருவரை வெளியே நிறுத்துவதற்குக் கதவைச் சாத்த வேண்டியதே இல்லை. ‘உங்ககிட்டப் போயி வாங்குவோமா?’ என்று கும்பிடு போட்டால் போதும். நாமும் எத்தனை பேருக்கு அந்தக் கும்பிடு போட்டிருக்கிறோமோ...

ஆரோக்கியம் அப்போதே கலிபோர்னியாவிலிருந்து பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தான். நாங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஓடினோம். கொஞ்ச நேரத்தில் திரையில் புதுப் பெயர் ஒன்று வந்தது: ‘பிலோமினா, மஸ்கட்.’ யார் பெயருக்கும் பின்னால் ஒளியாத பெயர். ‘வா பிலோ’, ‘வந்துட்டியா’, ‘என்ன சாப்பிட்டே’ என்று ஊர் முழுக்க மேலே விழுந்தது. அம்மா அந்தப் பெயரைத் திரையின் மேலேயே விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் மூட்டு வலி பற்றியும், தைலம் பற்றியும், ‘ஏன் எங்கிட்டச் சொல்லல?’ என்றும் ஆசை தீரச் சண்டை போட்டார்கள். டைப் அடித்தே என் விரல் வீங்கிவிட்டது. நேரம் ஆகிறது என்று சென்டர்காரர் எட்டிப் பார்த்தார். ஆகட்டும்!

கிளம்புகிற சமயத்தில் பிலோ கூப்பிட்டாள்.

‘அண்ணே, ஒரு விசயம்.’

‘சொல்லு.’

‘குடும்பஸ்தனுக்கும் இவ்வளவு, தனி ஆளு எனக்கும் இவ்வளவா? இந்த வரி ரொம்ப ஜாஸ்திண்ணே. சித்தப்பாட்ட ஞாயம் கேக்கணும்.’

பக்கத்துத் திரையில் அதைப் படித்த கணேசன் சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

‘கட்டுன காசு கைச்சூடு ஆறல, அதுக்குள்ள கொறை சொல்லுறா பாருங்க... சந்தேகமே இல்ல வாத்தியாரே, நம்ம ஊர்க்காரிதான்!’